தைராய்ட் குளிசையை நடுவில் நிறுத்தினேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

எனக்கு வயது 41. மூன்று வருடத்துக்கு முன், வைகாசியில், கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்குப் போயிருந்தோம். குளிர்த்தி நேரம் பெண்கள் எல்லோரும் குரவை போட்டார்கள். நானும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கரகரவென்று காற்றுத்தான் வந்தது. தொண்டை நோவும் இல்லை, தடிமலும் இல்லை. பக்கத்தில் நின்ற மாமி, "என்ன புள்ள, குரலே மாறிக் கிடக்கு, முகமும் ஊதியிருக்கு" என்றார். அந்த வெக்கையில் நான் மட்டும் முந்தானையால் தோளை மூடிக்கொண்டு நின்றதையும் அவர்தான் கவனித்திருக்கிறார்.

அதுவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். தலைமயிர் கொட்டினால் கிணற்றுத் தண்ணீர். உடம்பு வைத்தால் வயது. மாதவிடாய் கூடுதலாகப் போனாலும் வயது. பகலில் உலையை வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே தூங்கிப்போனால் வீட்டு வேலைக் களைப்பு. முதலில் காட்டிய வைத்தியரும் இரும்புச்சத்துக் குளிசை தந்து அனுப்பிவிட்டார், கழுத்தில் இருக்கும் தைராய்ட் சுரப்பியைப் பார்க்கச் சொல்லவில்லை.

மாமி விடவில்லை. அடுத்த கிழமையே இரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். என்கிற, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் 38. அது ஏறத்தாழ 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டியது. கூடியிருக்கிறது என்றதும் தைராய்ட் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். விஷயம் நேர்மாறு. டி.எஸ்.எச். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் சுரக்கிறது. தைராய்ட் வேலையில் பின்தங்கப் பின்தங்க, அதைத் தூண்டுவதற்காக இது ஏறிக்கொண்டே போகும். பிறகு, எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் பிறபொருளெதிரிக்கான சோதனையும் செய்தார்கள், அதுவும் மிக அதிகம். ஹஷிமோட்டோ என்றார் வைத்தியர். 1912இல் இந்த நோயை விவரித்து எழுதிய ஜப்பானிய வைத்தியரின் பெயராம்.

எங்களுக்குப் படுவான்கரையில் வயல் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: யானையை விரட்ட எறிந்த வெடி, அறுத்துக் குவித்த எங்கள் நெற்சூட்டிலேயே விழுந்து நெருப்புப் பிடித்த மாதிரி, கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி என் சுரப்பியையே அடிக்கிறது. அயடீன் உப்பைக் கூட்டிச் சாப்பிடு என்று சொன்னவர்களும் உண்டு. இது அயடீன் குறைந்து வந்த நோய் இல்லை. தேவைக்கு மேல் அயடீன் சேர்ந்தால் இது மோசமாகவும் கூடும்.

தைராய்ட் ஹார்மோனுக்குப் பதிலாகத் தரும் தைரொக்சின் குளிசையை 50 மைக்ரோகிராமில் தொடங்கி, 6 கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் பார்த்துக் கூட்டினார்கள். மருந்து தொடங்கி எட்டாம் மாதம் டி.எஸ்.எச். 2.4. குரல் திரும்பிவிட்டது. சுகம் என்று நம்பி நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். நிறுத்திய முதல் இரண்டு கிழமை ஒன்றுமே தெரியவில்லை. தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே 7 நாள் அளவு ஆகுமாம். "பார்த்தீங்களா, குளிசை இல்லாமலே நல்லாத்தானே இருக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் மாதம் படி ஏற முடியவில்லை. காரணமில்லாமல் அழுகை. நாடித்துடிப்பு 52, கொலஸ்ட்ரோல் ஏறிப்போயிருந்தது, டி.எஸ்.எச். 61. வைத்தியர் ஏசவில்லை. "சுரப்பி குணமாகவில்லை அம்மா, அந்த 2.4 குளிசை கொண்டுவந்த இலக்கம்" என்றார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. முன்பு தந்த இரும்புக் குளிசையையும் தைரொக்சினோடு ஒன்றாகவே விழுங்கியிருக்கிறேன். இரும்பும் கல்சியமும் அதை உடம்பில் சேர விடாது, 4 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். இப்போது எழும்பியதும் தண்ணீரோடு தைரொக்சின், அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி.

அக்கரைப்பற்றிலிருந்து:

உங்கள் கதையை என் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கும் ஹஷிமோட்டோதான். பிள்ளை உண்டானதும், "இந்த நேரத்தில் மருந்து கூடாது" என்று குடும்பத்தில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டா. நல்ல வேளை, பத்து நாளில் கிளினிக்கில் பிடித்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குத் தன் தைராய்ட் வேலை செய்யாது, தாயின் ஹார்மோன்தான் மூளை வளர்ச்சிக்குப் போக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். நிறுத்துவது இருக்கட்டும், இருந்த அளவையே கூட்டினார்கள். 4 கிழமைக்கு ஒரு தடவை இரத்தம். பிறந்த பிறகு பழைய அளவுக்குக் குறைத்தார்கள், பால் கொடுக்கவும் தடை இல்லை. மகனுக்கு இப்போது இரண்டு வயது, அல்ஹம்துலில்லாஹ்.

நோன்பு நாளில் என்ன செய்வது என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ராத்தா சஹருக்கு அரை மணித்தியாலம் முந்தி எழும்பிக் குடிப்பா. கடைசிச் சாப்பாட்டுக்கு 3 மணித்தியாலம் கழித்துப் படுக்கப் போகும்போது குடிப்பவர்களும் உண்டு. உங்கள் வைத்தியரிடம் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க விட்டுவிட வேண்டாம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எனக்கு இதன் மறுபக்கம், கிரேவ்ஸ். இதுவும் எதிர்ப்புச் சக்தி செய்கிற வேலைதான், ஆனால் சுரப்பியைத் தூண்டிவிடும். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் 9 கிலோ இறங்கிவிட்டது. சுரப்பியின் வேகத்தைக் குறைக்கக் கார்பிமசோல் தந்தார்கள். அது குடிப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால் பரசிட்டமோலோடு இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லடியிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. மகளுக்கு 15 வயது, கொஞ்ச நாளாகப் பாடப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறாள். படிக்கப் பஞ்சி என்று ஏசிக்கொண்டிருந்தேன். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று தெரிந்த பிறகு ஏசுவதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை அவளுக்கு இரத்தம் கொடுக்கப் போகிறோம்.