குழந்தைக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கணக்கு: எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்கள்

செட்டிநாட்டு மகள்:
எனக்கு 29. சென்னையில் ஐடி வேலை. கணவர் அம்பத்தூரில் சின்னதாக ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் நடத்துகிறார், மெஷின் கடன் இன்னும் 9 லட்சம் பாக்கி. அடுத்த வருடம் குழந்தை என்று பேச ஆரம்பித்திருக்கிறோம்.

ஆபீஸ் குரூப் பாலிசி 5 லட்சம். அதில் பிரசவத்துக்கு நார்மல் என்றால் 50,000, சிசேரியன் என்றால் 75,000. கணவர் பெயரில் மாமனார் எப்போதோ போட்ட எண்டோவ்மென்ட் (சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) பாலிசி, 3 லட்சம். கையில் 2.4 லட்சம் எஃப்டி. மாதம் 5,000 நகைச் சீட்டு வேறு. நடுவில் இன்னொரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. போகலாமா? தனியாக மெட்டர்னிட்டி பாலிசி எடுக்கணுமா?

முதல் பிரசவம் காரைக்குடியில், அம்மா வீட்டில்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. அம்மா இப்போதே லேகியத்துக்குச் சாமான் விசாரிக்கிறாள்.

இரண்டு பிள்ளைக்காரி:
தங்கச்சி, கடைசியாக எழுதியதுதான் முதல் கேள்வி. அம்மா பார்த்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் பாலிசியின் கேஷ்லெஸ் லிஸ்டில் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் ஆஸ்பத்திரிகள்) இருக்கிறதா? நானும் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். லிஸ்டில் இல்லை. 82,000 கைக்காசு கட்டி, பில்லை அனுப்பினால், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆஸ்பத்திரியின் பதிவு எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பச்சை உடம்போடு யார் அலைவது? அப்பாதான் மூன்று தடவை அலைந்தார்.

பெரியவனுக்கு மஞ்சள் காமாலை, நான்கு நாள் லைட்டில் வைத்தார்கள். குழந்தையைப் பாலிசியில் சேர்க்க எங்கள் ஆபீஸில் 30 நாள்தான் கெடு. பேர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். ‘பேபி ஆஃப்’ என்று அம்மா பேரைப் போட்டே சேர்க்கலாம். அப்புறம், கர்ப்பம் உறுதியானதும் கிராம/நகர சுகாதார நர்ஸிடம் பதிந்து ஆர்சிஹெச் எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

பழைய ஏஜெண்ட்:
இருபது வருடம் பாலிசி விற்றவன் சொல்கிறேன்: மெட்டர்னிட்டிக்காகவே தனிப் பாலிசி வேண்டாம் அம்மா. பெரும்பாலானவற்றில் இரண்டு, மூன்று வருடம் காத்திருப்புக் காலம், அதற்குள் பிரசவமானால் பணம் வராது. நீங்கள் அடுத்த வருடம் என்கிறீர்கள். அந்தப் பிரீமியத்தை எஃப்டியில் போடுங்கள்.

வேலை மாறுவதென்றால் இப்போதே மாறுங்கள், கர்ப்பமான பிறகு வேண்டாம். 26 வாரச் சம்பள விடுப்புக்கு, பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாளாவது வேலை பார்த்திருக்கணும். புதிய இடத்துக் குரூப் பாலிசியில் பிரசவம் முதல் நாளிலிருந்தே சேர்கிறதா என்று ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

என் கவலை உங்கள் வீட்டுக்காரர் பற்றித்தான். கடன் 9 லட்சம், காப்பீடு 3 லட்சம். நாளைக்கே அவருக்கு ஏதாவது ஆனால் கடன்காரர் முதலில் வந்து நிற்பார். ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ். அந்தப் பணம் மனைவி, பிள்ளைக்கு மட்டும். கடன்காரர் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே அந்தப் படிவத்தையும் கொடுத்தாகணும், பின்னால் சேர்க்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. (நான் விற்ற காலத்தில் இந்தச் சட்டத்தைப் பத்துப் பேரிடம்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.)

செட்டிநாட்டு மகள்:
நன்றி அக்கா, நன்றி சார். லிஸ்டைப் பார்த்தேன், அம்மா சொன்ன ஆஸ்பத்திரி இல்லை. அதே ஊரில் வேறொன்று இருக்கிறது. அம்மாவுக்கு அந்த டாக்டரைப் பிடிக்காது. அந்தப் பஞ்சாயத்து இந்த ஞாயிற்றுக்கிழமை.

கையோடு என் பிஎஃப் கணக்கையும் திறந்தேன். நாமினி இன்னும் அப்பா. கல்யாணத்துக்கு முன் கொடுத்தது கல்யாணம் ஆனதுமே செல்லாதாம். இரண்டு வருடமாக நாமினியே இல்லாமல் இருந்திருக்கிறேன்! கணவர் பெயருக்கு மாற்றப் போனால் அவருடைய ஆதாரைக் கேட்கிறது. மனுஷன் போனை எடுக்கவில்லை, ஏதோ திறப்பு விழா பேனர் அவசரமாம்.