ஐபோன் 13 ப்ரோ, நாலு வருஷம் தாண்டியாச்சு: பேட்டரி மாற்றி ஓட்டலாமா, எக்ஸ்சேஞ்சில் போடலாமா?

உறையூரான்:

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது ஐபோன் 13 ப்ரோ, 128 ஜிபி. 2021 கடைசியில் வாங்கியது. திரையில் கீறல் இல்லை, வேகத்திலும் குறை இல்லை. பேட்டரி ஹெல்த் (புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம்) மட்டும் 78 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வெயிலில் மேப்ஸ் போட்டு வண்டி ஓட்டினால் சார்ஜ் கண்ணெதிரே இறங்குகிறது. 25 சதவீதம் இருக்கும்போதே ஃப்ளாஷ் போட்டு ஃபோட்டோ எடுத்தால் சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது.

பேட்டரியை மாற்றினால் இன்னும் எத்தனை வருஷம் நம்பி ஓட்டலாம்? எங்கே மாற்றுவது? மாற்றுவதற்கு முன் வேறு எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்? இந்த மாடலை நீண்ட நாள் பயன்படுத்துகிறவர்களும் ரிப்பேர் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

சர்க்யூட்வாசி:

மாற்றி ஓட்டுங்கள். இந்த மாடலில் முதலில் தேய்வது பேட்டரிதான். ஏ15 சிப் அன்றாட வேலைக்கு இன்றைக்கும் தாராளம்.

25 சதவீதத்தில் ஆஃப் ஆவதற்குக் காரணம் சார்ஜ் தீர்ந்தது அல்ல. லித்தியம் அயான் செல்லுக்கு வயதாக ஆக அதன் உள் மின்தடை ஏறும். ஃப்ளாஷ், கேமரா, சிப் மூன்றும் ஒரே நொடியில் கரண்ட் இழுத்தால் செல்லின் வோல்டேஜ் சட்டென்று சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ஆஃப் ஆகும். ஒருமுறை அப்படி ஆன பிறகு, மறுபடி ஆகாமல் இருக்க மென்பொருள் சிப்பின் உச்ச வேகத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். 2017 டிசம்பரில் பெரிய சர்ச்சையானது இந்த ஏற்பாடுதான். அதன் பிறகு 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-உடன் பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தில் உச்ச செயல்திறன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சதவீதத்தைவிட அந்த வரி முக்கியம்.

ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழு சைக்கிளில் 80 சதவீதக் கொள்ளளவு தங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 15 வரிசையிலிருந்துதான் அது 1000 சைக்கிள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். அந்தக் கணக்கில் நாலு வருஷம் கழித்து 78 என்பது நல்ல பராமரிப்பு. சைக்கிள் எண்ணிக்கையை செட்டிங்ஸிலேயே காட்டும் வசதி 15-இலிருந்துதான் உண்டு. உங்களுடையதில் பார்க்க கேபிள் போட்டு மேக்கில் கோகனட் பேட்டரி, விண்டோஸில் 3யூடூல்ஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள்.

இதற்கு முன் ஒரு சோதனை அவசியம். கேஸைக் கழற்றிவிட்டு ஃபோனைச் சமதளத்தில் வைத்து, விளிம்பைக் கண்மட்டத்தில் பாருங்கள். திரை ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்தாலோ, இருட்டில் விளிம்பு வழியே வெளிச்சம் கசிந்தாலோ செல் உப்புகிறது என்று பொருள். அப்படியென்றால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். தூக்கிய திரையை அமுக்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது, செல் கிழிந்தால் தீப்பிடிக்கும்.

இனி எங்கே மாற்றுவது. வெளிக் கடைகளில் நடப்பது பொதுவாக மூன்று விதம். முழு பேட்டரியையும் வேறு தயாரிப்பில் போடுவது ஒன்று. போட்ட பின் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் பகுதியில் பாகங்கள் வரலாறு என்று ஒரு வரி வரும், அதில் பேட்டரி 'தெரியாத பாகம்' என்று நிற்கும். இரண்டாவது, பழைய பேட்டரியின் கட்டுப்பாட்டு போர்டை வெட்டியெடுத்து, புதுச் செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்வது. இதில் ஹெல்த் 100 என்று காட்டும்படி கருவி வைத்து எழுதிவிடுவார்கள். அந்த 100 அளந்து வந்த எண் அல்ல, எழுதி வைத்த எண். செல் எந்தத் தரம் என்பது அந்தத் திரையில் தெரியவே தெரியாது, வெல்டிங்கும் இன்சுலேஷன் டேப்பும் எப்படி என்பது போட்டவருக்கு மட்டும் தெரியும். மூன்றாவது, வேறொரு 13 ப்ரோவிலிருந்து கழற்றிய அசல் பேட்டரி. அசல்தான், ஆனால் அதுவும் பாதி தேய்ந்தது.

ஆப்பிளின் அங்கீகரித்த மையத்தில் மாற்றினால் புதுச் செல், புது ஒட்டுச் சீல், ஃபோனோடு முறைப்படி இணைப்பு, 90 நாள் உத்தரவாதம். செலவு எவ்வளவு என்று ஆப்பிள் தளத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் முன்கூட்டியே காட்டும். ஒன்றை மறக்கவேண்டாம்: பேட்டரி மாற்றத்துக்குத் தடையாகத் திரையில் விரிசல் ஏதும் இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்வார்கள், பில் எகிறும். உங்கள் திரை நன்றாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

நெல்லைத்தூறல்:

சர்க்யூட்வாசி அண்ணன் சொன்னது சரிதான். ஆனா எல்லா ஊர்லயும் அங்கீகரித்த மையம் கிடையாது, ஃபோனைக் கொடுத்துட்டு அடுத்த ஊர்ல காத்திருக்க எல்லாராலயும் முடியாது. வெளிக் கடையில கொடுக்கிறவங்க என்ன கேக்கணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல, செல்லை மட்டும் மாத்துறாங்களா, முழு பேட்டரியான்னு நேரடியா கேளுங்க. முழு பேட்டரி போட்டு 'தெரியாத பாகம்'னு வந்தா அது கௌரவக் குறைச்சல் கிடையாது, நேர்மையான வேலை. 100 காட்டுறேன்னு உறுதி கொடுக்கிற இடத்துலதான் யோசிக்கணும். அடுத்தது, மூடுறப்போ புது ஒட்டுச் சீல் போடணும். 13 ப்ரோவுல திரை ஓரம் முழுக்க ஓடுற கறுப்பு ஒட்டு அது. பழசைச் சுரண்டி எடுத்து இடத்தைச் சுத்தம் பண்ணாம மூடினா தூசியும் ஈரமும் உள்ள போகும். இத விட்டுட்டாங்கன்னா மழைக்காலத்துலதான் தெரிய வரும்.

மூணாவது, வேலை முடிஞ்சதும் அங்கேயே நின்னு பாருங்க: ஃபேஸ் ஐடி வேலை செய்யுதா, ட்ரூ டோன் (சுற்று வெளிச்சத்துக்கு ஏத்தபடி திரை நிறத்தை மாத்துற வசதி) பட்டன் இருக்கா, கால்ல பேசும்போது காதுகிட்ட வச்சா திரை அணையுதா, மேல உள்ள ஸ்பீக்கர்ல சத்தம் வருதா. திரையைத் திறக்கிறப்போ அந்த மெல்லிசு ரிப்பன் கேபிளெல்லாம்தான் சேதமாகும். கடையை விட்டு வந்துட்டா நிரூபிக்க முடியாது.

ஒரு விஷயத்துல மட்டும் நான் மாறுபடுறேன். எக்ஸ்சேஞ்சுல போடுற எண்ணம் ஆறு மாசத்துக்குள்ள இருந்தா வெளிக் கடை பேட்டரி வேண்டாம், பேட்டரியே மாத்த வேண்டாம். போட்ட காசு விலையில திரும்பி வராது. மாத்துறதுன்னா ரெண்டு வருஷமாவது ஓட்டுற முடிவோட மாத்துங்க.

குளத்துப்பாளையம்:

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு மென்பொருள் பக்கத்திலிருந்து பதில். ஐஓஎஸ் 26, ஐபோன் 11-இலிருந்து எல்லா மாடலுக்கும் வந்தது. அதில் வெளியே நின்றது 2018-இன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர். அந்த எக்ஸ்எஸ் ஐஓஎஸ் 12-உடன் வந்து 18 வரை போனது. 13 ப்ரோ வந்தது ஐஓஎஸ் 15-உடன், ஐபோன் 11-ஐ விட இரண்டு தலைமுறை புதியது. அடுத்தடுத்த பெரிய பதிப்புகளை எதிர்பார்ப்பதில் தவறில்லை, எழுதிக் கொடுத்த வாக்குறுதி மட்டும் இல்லை. பெரிய பதிப்பு நின்ற பிறகும் பாதுகாப்பு அப்டேட் வரும்: 2015-இல் வந்த 6எஸ்-க்கு 2025-இலும் வந்தது. ஆப்பிளின் ஏஐ வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் மட்டும் இந்த மாடலுக்கு வராது, அதற்கு 15 ப்ரோவாவது வேண்டும்.

பேட்டரி மாற்றும்வரை இரண்டு மாற்றம் செய்தால் நாள் ஓடும். சிக்னல் பலவீனமான இடத்தில் 5ஜியும் 4ஜியும் மாறி மாறித் தேடுவதுதான் பெரிய செலவு. மொபைல் டேட்டா பகுதியில் வாய்ஸ் அண்ட் டேட்டாவை எல்டிஇ-யில் (அதாவது 4ஜியில்) வையுங்கள். பிறகு, வெளியே அலைகிற நாளில் லோ பவர் மோடைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். திரை 120 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறங்கும், பின்னணி வேலைகள் குறையும்.

ஒரு பெரிய அப்டேட் போட்ட ஓரிரு நாள் சூடும் வேகமான சார்ஜ் இழப்பும் இருக்கும். ஃபோட்டோக்களையும் தேடலையும் அது மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நாளை வைத்து பேட்டரியைப் பழிக்க வேண்டாம்.

மலைப்பாதை:

உறையூரான், "வண்டி ஓட்டும்போது மேப்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். பைக்கா, காரா? பைக் ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டுகிறீர்கள் என்றால் பேட்டரியைவிடக் கேமராவை முதலில் பாருங்கள்.

13 ப்ரோவின் முதன்மைக் கேமராவில் சென்சாரே நகர்ந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. தூரத்தை இழுத்துக் காட்டும் 3 மடங்கு டெலிஃபோட்டோ கேமராவில் லென்ஸ் நகர்கிறது. இரண்டும் காந்தத்தால் மிதக்கிற பாகங்கள். அதிக சிசி இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியே தொடர்ந்து ஏறினால் அவற்றின் தரம் குறையலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்கூட்டர், மொபெட் போன்றவற்றில் அதிர்வு குறைவு, அப்போதும் அதிர்வு தாங்கும் மவுண்ட் போடச் சொல்லியிருக்கிறது. பாக்கெட்டில் வைத்துக் காதில் வழி கேட்டு ஓட்டுவதுதான் என் பரிந்துரை.

சோதிப்பது எப்படி: வெயில் வெளிச்சத்தில், தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை 3 மடங்கில் எடுங்கள். முன்னோட்டம் அலை அடிப்பதுபோல் ஆடினால், கேமரா திறந்ததும் உள்ளிருந்து கிர்ரென்று சத்தம் வந்தால், ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் பாகம் போயிருக்கிறது. ஒரு நுட்பம் உண்டு. கிட்டத்துப் பொருளையோ மங்கிய வெளிச்சத்தையோ எடுத்தால், 3 என்று காட்டிக்கொண்டே ஃபோன் முதன்மைக் கேமராவின் படத்தை வெட்டிக் கொடுக்கும். டெலிஃபோட்டோவைச் சோதித்ததாக நினைத்து ஏமாந்துபோவோம். ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடினால் படம் இருள்கிறதோ அதுதான் வேலை செய்கிறது.

காரின் டேஷ்போர்டு என்றால் பிரச்சினை சூடு. இந்த ஃபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது வரையறை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்றே அதைத் தாண்டும். கண்ணாடிக்குக் கீழே மேப்ஸ், முழு வெளிச்சத் திரை, கூடவே வயர்லெஸ் சார்ஜ் மூன்றும் சேர்ந்தால் செல்லுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. முழுச் சார்ஜும் சூடும் சேர்கிற நேரத்தில்தான் செல் வேகமாகத் தேய்கிறது. ஏசி காற்று படுகிற இடத்தில் மவுண்டை மாட்டி, கேபிளில் சார்ஜ் போடுங்கள். புதுப் பேட்டரி போட்ட பிறகும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் சீக்கிரமே மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

உறையூரான்:

எல்லோருக்கும் நன்றி. கார்தான், வயர்லெஸ் மவுண்ட்தான். கேமரா சோதித்தேன், மூன்றும் சரி. விளிம்பும் தூக்கவில்லை. அங்கீகரித்த மையத்திலேயே கொடுக்கப் போகிறேன். கொடுப்பதற்கு முன் டேட்டாவுக்கு என்ன செய்யணும்? இன்னொன்று, லைட்னிங் கேபிள் சமயத்தில் அசைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. அதையும் மாற்றச் சொல்லணுமா?

சர்க்யூட்வாசி:

போர்ட்டை மாற்றச் சொல்லும் முன் சுத்தம் செய்து பாருங்கள். பாக்கெட் பஞ்சு அடியில் அமுங்கி அமுங்கி அட்டைபோல் இறுகிவிடும், கேபிள் முழுதாக உள்ளே இறங்காது. ஃபோனை ஆஃப் செய்து, டார்ச் அடித்து, மரப் பல்குச்சியால் அடிச்சுவரிலிருந்து மெதுவாக வெளியே இழுங்கள். தொடர்பு முனைகள் இருக்கும் பக்கத்தைச் சுரண்டாதீர்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. கேபிள் முனையிலும் ஒரு பார்வை: எட்டு பொன்னிறக் கோடுகளில் ஒன்று கறுத்திருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள், அது போர்ட்டையும் கெடுக்கும். போர்ட் ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடுவதுதான் இந்தக் கறுப்புக்கு முக்கியக் காரணம். நனைந்தால் வாய் கீழே இருக்கும்படி பிடித்துக் கையில் தட்டி, காற்றோட்டத்தில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். அரிசியில் புதைக்க வேண்டாம், துகள் உள்ளே போகும்.

டேட்டாவுக்கு: கம்ப்யூட்டரில் என்க்ரிப்ட் செய்த பேக்கப் எடுங்கள். என்க்ரிப்ட் என்பதை டிக் செய்தால்தான் பாஸ்வேர்டுகளும் ஹெல்த் தகவலும் சேரும். அந்தப் பேக்கப்பின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள், மறந்தால் திறக்க வழி இல்லை. ஐகிளவுடின் இலவச 5 ஜிபி 128 ஜிபி ஃபோனுக்குப் போதாது.

அடுத்து ஃபைண்ட் மை, அதாவது தொலைந்த ஃபோனைத் தேடும் வசதி. திருட்டுப் பாதுகாப்பு வசதியை ஆன் செய்து வைத்திருந்தால், வீடு போன்ற பழகிய இடத்துக்கு வெளியே ஃபைண்ட் மையை அணைக்க ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். பலர் சர்வீஸ் கவுண்டரில் போய் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐஓஎஸ் 17.5-க்குப் பிறகு ரிப்பேர் ஸ்டேட் என்று ஒரு நிலை இருக்கிறது, அதில் ஃபைண்ட் மையை அணைக்காமலே கொடுக்கலாம். எது வேண்டும் என்று மையத்துக்கு முன்னாடியே ஃபோன் செய்து கேட்டுவிட்டு, தேவையானதை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வர வேறு ஃபோனில் அந்த சிம்மைப் போட்டு வையுங்கள்.

நெல்லைத்தூறல்:

ஃபோனைக் கையில கொடுக்கிறப்போ நாலு பக்கமும் படம் எடுத்துக்கோங்க, கீறல் இல்லைங்கிறதுக்கு அதுதான் ஆதாரம். ஃபோனோட தனி அடையாள எண்ணான ஐஎம்ஈஐயை ரசீதுல சரிபாருங்க. திரும்பி வந்ததும் அபௌட் பக்கத்துல பேட்டரி 'அசல் பாகம்'னு தேதியோட வரணும், வரலைன்னா கவுண்டரை விட்டு நகராம கேளுங்க.