வணிகக் கணக்குகளிடம் வங்கி கேட்கும் கேள்விகள்: அவசியமா, அலைக்கழிப்பா?

சரக்குக்காரர்:
புது வாடிக்கையாளரிடமிருந்து முன்பணம் வந்தது. வங்கி அதை வரவு வைக்காமல் நிறுத்திவிட்டது. இன்வாய்ஸ் கொடுத்தேன், ஒப்பந்தம் கொடுத்தேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. காரணம் சொல்ல முடியாதாம். போதாததற்கு, கணக்கு தொடங்கும்போதே கொடுத்த பங்குதாரர் விவரத்தை மறுபடியும் கேட்கிறார்கள். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குபவன் காகிதமெல்லாம் பக்காவாக வைத்திருப்பான். அலைவது எங்களைப் போன்றவர்கள்தான்.

இணக்கப்பிரிவு:
நான் வங்கியில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன்: கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு. காரணம் சொல்லாதது திமிர் இல்லை. சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் பற்றி அரசு அமைப்புக்கு அறிக்கை அனுப்பினால் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கக் கூடாது. கறுப்புப் பணத் தடுப்புக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் 21வது பரிந்துரையே அதுதான். ஒன்று கேட்கிறேன்: இன்வாய்ஸில் உள்ள பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றா?

சரக்குக்காரர்:
இல்லை. அவர்களின் குழும நிறுவனம் வேறொரு நாட்டிலிருந்து அனுப்பியது. வியாபாரத்தில் இது சகஜம். இதை நேரடியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே கடிதம் வாங்கித் தந்திருப்பேன். எனக்கு வந்தது "பணத்தின் மூலத்தை விளக்கவும்" என்ற ஒரே வரி.

கணக்காளர்:
சரக்குக்காரர் பக்கம்தான் நியாயம். அறிக்கை போனதைச் சொல்லக் கூடாது, சரி. "ஏன் வேறு நிறுவனம் பணம் கட்டியது?" என்று கேட்க எந்தத் தடையும் இல்லையே!

ஆனால் பங்குதாரர் விவரத்தை மறுபடி கேட்பதில் வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் நிறுவனத்தில் 40% ஒரு ஹோல்டிங் நிறுவனத்திடம் (மற்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம்) இருக்கிறது, அதில் 70% ஒருவரிடம் இருக்கிறது என்று வையுங்கள். அவருக்கு மறைமுகமாக 28% வருகிறது. உண்மையான உரிமையாளர் என்று காட்டுவதற்குப் பல நாடுகளில் எல்லை 25% என்பதால் அவர் பெயரையும் காட்ட வேண்டும். ஹோல்டிங்கில் அவர் பங்கு 60% ஆகக் குறைந்தால் 24%தான், இந்தப் பெருக்கல் கணக்கை மட்டும் பார்த்தால் பட்டியலிலிருந்து விலகிவிடலாம். ஒரு பங்கு மாற்றம் போதும், பழைய படிவம் செல்லாது.

இணக்கப்பிரிவு:
குறிப்பாகக் கேட்டால் மோசடிக்காரனுக்கு நாமே விடையைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவன் அதே கடிதத்தைத் தயாரித்து வருவான். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளையில் 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கணக்கு வழியாக ஏறக்குறைய 20,000 கோடி யூரோ போனது. அந்தக் கணக்குகளில் போலி நிறுவனங்களுக்கும் குறைவில்லை.

கணக்காளர்:
பொய்க் கடிதம் வரட்டும். அதில் கையெழுத்து இருக்கும், நிறுவனப் பதிவு எண் இருக்கும், சரிபார்க்கலாம். பொத்தாம்பொதுவான கேள்விக்கு வரும் பொத்தாம்பொதுவான பதிலில் சரிபார்க்க என்ன இருக்கிறது? 2024இல் கனடாவின் டிடி வங்கி, கறுப்புப் பணத் தடுப்பில் தவறியது தொடர்பான குற்றத்தை அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. அங்கே ஆறு வருடத்துக்கு மேல் பரிவர்த்தனைத் தொகையில் 92% தானியங்கிக் கண்காணிப்புக்குள்ளேயே வரவில்லை. கண்காணிப்பில் விட்ட ஓட்டையை வாடிக்கையாளரிடம் படிவம் வாங்கி அடைக்க முடியாது.

இணக்கப்பிரிவு:
கண்காணிப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கேள்வியை முழுசாகத் திறந்து வைப்பதை இன்னும் ஏற்கவில்லை. சரக்குக்காரரே, குழும நிறுவனத்தின் கடிதத்தோடு இருவருக்கும் பொதுவான உரிமையாளர் யார் என்று காட்டும் பதிவாளர் ஆவணத்தையும் கொடுங்கள். கடிதம் மட்டும் போதாது.

சரக்குக்காரர்:
இரண்டையும் இன்றே கேட்டு வாங்குகிறேன். வங்கி முதல் நாளே இப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.