‘ஸ்கிராட்ச்’ என்பதற்குக் ‘களத்துமேடு’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வுக் கணிப்பு (கம்ப்யூட்டிங்) மையங்களைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ் விளக்கத்தாளில் கணு (பிணைத்து வைத்த கணினிகளில் ஒன்று), கணுத்தொகுதி, மீத்திறன் கணினி ஆகிய சொற்களைப் பற்றி நம்மிடையே வேறுபாடு இல்லை. எஞ்சியிருப்பது, வேலை நடக்கும்போது மட்டும் கோப்புகளை வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்கிராட்ச்’ ஒன்றுதான். அதை ஒலிபெயர்த்தே விட்டுவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2007இல் வெளியிட்ட, கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சைத்தான் பிள்ளைகள் அந்தப் பெயரால் அறிவார்கள்.

நாம் பெயரிட வேண்டிய பொருள் வேறு. கணிப்பு நடக்கும்போது நூற்றுக்கணக்கான கணுக்கள் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் ஏற்ற, மிக விரைவான, பெரிய வட்டு இடம் அது. பெரும்பாலான மையங்களில் அதற்குக் காப்புநகல் எடுப்பதில்லை. குறித்த சில வாரங்கள் தொடப்படாத கோப்புகளை அழித்தும் விடுகிறார்கள். நிலையாக வைக்க வேண்டியவை காந்த நாடாவுக்குப் போகின்றன. உள்ளங்கையில் அடங்கும் எல்டிஓ-9 வகை நாடாப்பேழை ஒன்றே, சுருக்காமல் 18 டெராபைட் கொள்ளும்.

முன்வைக்கப்பட்ட ‘தற்காலிகச் சேமிப்பகம்’ பொருளளவில் பிழையன்று. ஆனால் உண்டியலும் அஞ்சலகக் கணக்கும் பழகிய பிள்ளைக்குச் ‘சேமிப்பு’ என்றால் போட்டது அப்படியே இருக்கும் என்பதே பொருள். முன்னால் எந்த அடைமொழியைச் சேர்த்தாலும் அந்த எண்ணம் மாறாது. பிள்ளைகள் மட்டுமல்லர், முதலாண்டு ஆய்வு மாணவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘மணல்’ என்ற சொல்லை நானே முதலில் விரும்பினேன். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதும் நிலைக்க வேண்டியதை ஓலையில் எழுதியதும் நல்ல ஒப்புமைதான். ஆயினும் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘மணல்தொட்டி’ ஏற்கெனவே எழுதிப் பழகும் சோதனைப் பக்கத்துக்கு நிலைத்துவிட்டது.

ஆகவே ‘களத்துமேடு’ என்பதை முன்மொழிகிறேன். அறுத்த கதிர் முழுவதும் களத்துக்கு வருகிறது; பலர் ஒருசேர நின்று அடித்துத் தூற்றுகிறார்கள்; நெல் பத்தாயத்துக்கோ களஞ்சியத்துக்கோ போகிறது; களத்திலேயே விட்டுவைத்தால் மழைக்கும் மாட்டுக்கும் யாரும் பொறுப்பில்லை. வேலை நடக்கும் இடம், ஆனால் வைத்திருக்கும் இடமன்று என்ற இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. நிரல் தொகுப்புகளுக்குக் ‘களஞ்சியம்’ என்று முன்பே சொல்லிவருவதால் களத்துமேடு, களஞ்சியம் என்ற இணையும் பொருந்துகிறது. ‘தரவுக்களம்’ என்று சுருக்க வேண்டாம். காதில் ‘தரவுத்தளம்’ என்றே விழும்.

அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரடிக்கும் இக்காலத்தில் நகரத்துப் பிள்ளைக்குக் களம் தெரியுமா என்ற கேள்வி நியாயமானதே. ஒரு படம் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். நேரில் செய்து காட்டவும் வழியுண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல் ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினிப் பலகைகள் 64ஐ லெகோ கட்டைகளால் ஆன சட்டத்தில் அடுக்கி ஒரு சிறு மீத்திறன் கணினியை அமைத்தார்கள். பேராசிரியரின் ஆறு வயது மகனும் அந்தக் கட்டைகளை அடுக்கினான். ஒவ்வொரு பலகைக்கும் 16 ஜிகாபைட் நினைவக அட்டை, ஆக மொத்தம் 1 டெராபைட். அத்தகைய ஒன்றைப் பிள்ளைகள் முன் வைத்து, ஓர் அட்டையைக் களத்துமேடு என்றும் இன்னொன்றைக் களஞ்சியம் என்றும் குறித்து, முதலாவதை அவர்கள் கண்முன்னே அழித்துக் காட்டலாம்.

பழைய கோப்புகளை மொத்தமாக நீக்குவதற்கான சொல்தான் இன்னும் அமையவில்லை. ‘களம் கூட்டல்’ என்றால் கணக்குப் பாடம் நினைவுக்கு வரும்; ‘களம் பெருக்கல்’ அதைவிட மோசம். இடத்தை ஒழித்துக் கொடுப்பது என்று வீட்டில் சொல்கிறோமே, அதை ஒட்டி ‘களம் ஒழித்தல்’ எனலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.