ஆர்தர் கதையில் குவினெவருக்கு நியாயம் கிடைத்ததா? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆர்தர் மன்னர் கதையின் நவீன மறுகூறல்களில் வரும் பெண் பாத்திரங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1485இல் அச்சான மாலோரியின் ஆர்தர் கதை நூலில், ஆர்தரின் அக்கா மோர்கன் சூழ்ச்சிக்காரி. ஆர்தரின் வாளான எக்ஸ்காலிபரின் உறையைத் திருடி ஏரியில் வீசிவிடுகிறாள். அது இடுப்பில் இருக்கும்வரை ஆர்தர் எவ்வளவு காயம்பட்டாலும் ரத்தம் இழக்கமாட்டார். ஆனால் கடைசியில் தம்பியை அவலான் என்ற மாயத்தீவுக்குக் கொண்டுபோகும் படகிலும் அவளே இருக்கிறாள்! 1983இல் வந்த ‘தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்’ நாவல் அவளைக் கிறித்தவத்துக்கு முந்தைய பழைய சமயத்தின் பூசாரினியாக்கி, கதையின் மையத்தில் நிறுத்திவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது.

நான் திணறுவது ஆர்தரின் மனைவி குவினெவரிடம்தான். அதே நாவலில், தான் தைத்த சிலுவைக் கொடியை ஏந்தச் சொல்லி ஆர்தரை நெருக்குகிறாளே, அது வெறும் மதப்பிடிவாதமா? பிள்ளையில்லாத ஏக்கமும் பயமும் சேர்ந்துதான் அவளை அப்படிப் பேசவைப்பதாக எனக்குப் படுகிறது. மோர்கனுக்குக் காட்டிய பரிவு இவளுக்குக் காட்டப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நாவலைப் படித்தவர்கள், என் கருத்தை மறுக்கும் காட்சிகள் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். குவினெவர் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல் ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.