வசூல், மகசூல், தாசில்தார்: மூன்றும் ஒரே வேரா?

கடைமடைக்காரன்:
பட்டா மாறுதலுக்காக நேற்று தாலுகா ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வேறு வேலையில்லாமல் போர்டில் இருந்த 'தாசில்தார்' என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வந்த சந்தேகம் இது. வசூல், மகசூல், தாசில் மூன்றுமே அரபு என்கிறார்கள். ஓசையும் ஒத்துப்போகிறது. அப்படியானால் வயலில் விளைவதும் நம்மிடம் கறப்பதும் ஒரே வேர்தானா?

அலிஃப்பே:
இரண்டுதான் உறவு, வசூல் வேறு வீட்டுப் பிள்ளை. மகசூலும் தாசிலும் ஹா-ஸாத்-லாம் என்ற மூன்று அரபு எழுத்துகளின் வேரில் பிறந்தவை. 'ஹஸல' என்றால் கிடைத்தது, நடந்தது. கிடைத்த பொருள் மஹ்ஸூல், அதுதான் விளைச்சல். திரட்டுகிற வேலை தஹ்ஸீல், அதோடு 'உடையவர்' என்ற பொருளுள்ள பாரசீக 'தார்' ஒட்டினால் உங்கள் போர்டு. முன்னால் நிற்கும் ம, த இரண்டையும் கழற்றிவிடலாம், ஆனால் வசூலில் 'வ' கழலாது, அது வேரிலேயே இருக்கிறது: வாவ்-ஸாத்-லாம், போய்ச் சேர்தல். பணம் கைக்கு வந்து சேர்ந்தால் வசூல். துபாய்க்காரர்களுக்குத் தெரிந்த தொலைபேசி நிறுவனப் பெயர் எதிஸலாத்தும் இந்த வேர்தான்.
அப்புறம் ஒன்று. பழைய அரபு அகராதிகளில் தஹ்ஸீலுக்கு, சுரங்க மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பது என்று ஒரு பொருள் உண்டு. அந்த வேலை செய்கிற பெண் முஹஸ்ஸிலா. குர்ஆன் 100:10இல் நெஞ்சங்களில் இருப்பவை வெளிக்கொணரப்படும் என்ற இடத்தில் வருவதும் இதே வேரின் 'ஹுஸ்ஸில'தான். அதை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்த மண் அலசுகிற பெண்தான் நினைவுக்கு வருவாள்.

கிள்ளான் வாசி:
எங்கள் மலேசியாவில் வருமான வரி வாரியத்தின் பெயரிலேயே 'ஹசில்' இருக்கிறது! மலாயில் அதற்கு விளைச்சல், பலன், வருமானம் எல்லாமே பொருள். ஆக, விளைவதும் கறப்பதும் ஒன்று என்று நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

அலிஃப்பே:
விட்டுப்போனது: உருதுவில் தைரியத்துக்கு 'ஹவ்ஸலா' என்பார்கள். அதுவும் ஹா-ஸாத்-லாம் வேர்தான், ஆனால் அரபியில் அது பறவையின் இரைப்பை. மேய்ந்துவிட்டு வரும் கோழிக்குக் கழுத்தடியில் புடைத்து நிற்குமே, அது.

கடைமடைக்காரன்:
சரி, ஒரு பாவம் தீர்ந்தது. எங்கள் அப்பா எப்போதும் 'மாசூல்' என்றுதான் சொல்வார், மகசூல் என்று சொல்லுங்கள் என்று பல தடவை திருத்தியிருக்கிறேன். தஹ்ஸீலில் 'ஹ'வை விழுங்கி 'தா' என்று நீட்டியதை அரசாங்கமே போர்டில் எழுதி வைத்திருக்கிறது. அவரும் அதே 'ஹ'வைத்தானே விழுங்கியிருக்கிறார்.