சட்டத்தை மீறிப் போட்ட சோதனையில் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லலாமா?

மூன்றாமாண்டு:
வகுப்பில் இன்று இதை வைத்துப் பெரிய சண்டை. இங்கே போலீஸ்காரர்களும் வக்கீல்களும் இருப்பதால் கேட்கிறேன்.

1957இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் டாலரி மேப் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட ஆள் உள்ளே பதுங்கியிருப்பதாகத் தகவல். வாரண்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார் அவர். சில மணி நேரம் கழித்துக் கூடுதல் ஆட்களோடு வந்து கதவை உடைத்து நுழைந்தார்கள். ஒரு காகிதத்தை ஆட்டிக்காட்டி இதுதான் வாரண்ட் என்றார்கள். அதைப் பறித்து அவர் சட்டைக்குள் செருகிக்கொள்ள, மல்லுக்கட்டித் திரும்பப் பிடுங்கி விலங்கும் மாட்டினார்கள். வீட்டையே புரட்டிப் போட்டதில் சில ஆபாசப் புத்தகங்கள் கிடைத்தன. அவருக்குத் தண்டனை கிடைத்தது அந்தப் புத்தகங்களுக்காக! அந்த வாரண்ட் கடைசிவரை கோர்ட்டுக்கு வரவே இல்லை. 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பை மீறிய சோதனையில் எடுத்த பொருள் மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாகாது என்றது.

நம் நாட்டில் தலைகீழ். 1974 பூரண்மல் வழக்கு வருமானவரிச் சோதனை சம்பந்தப்பட்டது. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்தது வழக்குக்குப் பொருத்தமானதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள் ஐந்து நீதிபதிகள். அதற்கு ஆதாரமாக நின்றது 1954இன் எம்.பி. சர்மா தீர்ப்பு: முறையற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் 4வது திருத்தம் போன்ற பாதுகாப்பு நம் அரசியலமைப்பில் இல்லை என்று சொன்ன தீர்ப்பு. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைதான் என்று சொல்லி, எம்.பி. சர்மா அதை மறுத்த அளவுக்கு அது செல்லாது என்றார்கள். அஸ்திவாரம் போன பிறகும் மாடி நிற்கிறது.

என் கட்சி: அப்படி எடுத்ததைத் தூக்கி எறிய வேண்டும்.

ஓய்வு_ஆய்வாளர்:
தம்பி, கதை நன்றாக இருக்கிறது. ஆபாசப் புத்தகம் என்பதால் உங்களுக்குச் சுலபமாகப் போயிற்று. அந்த வீட்டில் கிடைத்தது ஒரு குழந்தையின் உடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தூக்கி எறியுங்கள், பார்க்கலாம்.

பாதி ராத்திரியில் தகவல் வரும். வாரண்ட் வாங்கப் போனால் பொருள் இடம் மாறிவிடும். அதற்காகத்தான் வாரண்ட் இல்லாமலே சோதனை போட பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 185 இருக்கிறது. காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்கிறது. எழுதாமல் கிளம்பிப் போனது தப்புதான். அந்தத் தப்புக்கு அதிகாரிக்குத் துறை ஒழுங்கு விதி 3(பி)இன்படி குற்றச்சாட்டு கொடுங்கள், இன்கிரிமென்டை வெட்டுங்கள். செத்தவன் குடும்பத்துக்கு ஏன் தண்டனை?

கருப்புக்கோட்டு:
ஐயா, அதிகாரிக்குத் தண்டனை என்பதைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் கொடுப்பது? துறை விசாரணை நடத்துவது அதே துறை. கோர்ட்டுக்குப் போனால் பல நேரங்களில் அரசின் முன் அனுமதி என்ற சுவர் வந்து நிற்கும். அதுமட்டுமில்லை, சோதனையில் எதுவும் கிடைக்காத வீடுகளின் கதை கோர்ட்டுக்கே வருவதில்லை. பீரோவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "ஒன்றுமில்லை, போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டுக்காரர் யாரிடம் போவார்? கோர்ட் பார்ப்பது பொருள் கிடைத்த வீடுகளை மட்டும்தான். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாச் சோதனையும் நியாயமாகத்தான் தெரியும்.

தென்றல்82:
சட்டம் படித்தவள் இல்லை. எங்கள் வீட்டில் திருட்டுப் போய், அம்மாவின் சங்கிலி உட்படக் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி. திருடன் வீட்டில் வாரண்ட் இல்லாமல் புகுந்து போலீஸ் அதை எடுத்திருந்தால், மூன்றாமாண்டு தம்பியின் சட்டப்படி சங்கிலியைத் திருடனிடமே கொடுத்துவிடுவீர்களா?

மூன்றாமாண்டு:
இல்லை அக்கா. சங்கிலி உங்களுக்குத்தான் வரும். அமெரிக்காவிலும் திருட்டுப் பொருளையோ போதைப் பொருளையோ குற்றவாளி கையில் திருப்பிக் கொடுப்பதில்லை. அவனுக்கு எதிரான சாட்சியமாகக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் சாருக்கு: உங்கள் உடல் உதாரணத்துக்கும் அங்கே பதில் உண்டு. சட்டப்படி தேடியிருந்தாலும் எப்படியும் கிடைத்திருக்கும் என்று அரசுத் தரப்பு காட்டினால் சாட்சியம் செல்லும். 1984 நிக்ஸ் வழக்கு. அது கொலையான ஒரு சிறுமியின் உடல் பற்றியதேதான்.

தென்றல்82:
சங்கிலி வரும், திருடன் வெளியே போவான். அடுத்த வீட்டுக்கு. சரி.

ஓய்வு_ஆய்வாளர்:
அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி.

இன்னொன்று. நீங்கள் கேட்கும் விதி நம் நாட்டில் ஒரு இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. போதைப் பொருள் சட்டம், 50வது பிரிவு. ஒருவன் உடம்பைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்த பொருளை வைத்து மட்டும் தண்டனை தர முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன ஆயிற்று? ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒரு வாசகம் தயாரானது: "மேற்படி உரிமை பற்றி எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. எனக்கு அது தேவையில்லை, தாங்களே சோதனையிடலாம்." கீழே கையெழுத்து அல்லது ரேகை. அப்புறம் அந்தப் பிரிவு பையைச் சோதிப்பதற்குப் பொருந்தாது என்று 2005இல் பவன்குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு பல வழக்குகளில் கஞ்சா பையில்தான் இருந்திருக்கிறது. சட்டைப்பையில் இருப்பது குறைந்துவிட்டது. புரிகிறதா?

சாட்சியத்தைத் தள்ளினால் போலீஸ் திருந்தாது. நன்றாக எழுதக் கற்றுக்கொள்ளும். மேப் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க்கிலும் அப்படித்தான்: "போலீஸைப் பார்த்ததும் அவனே பொட்டலத்தைக் கீழே போட்டான்" என்ற சாட்சியம் திடீரென்று பெருகியது. கீழே கிடந்ததை எடுக்க வாரண்ட் வேண்டாம் அல்லவா.

மூன்றாமாண்டு:
சார், நீங்கள் எங்கள் தரப்புக்கு வாதாடுகிறீர்களா?

ஓய்வு_ஆய்வாளர்:
உள்ளே இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்புக்கோட்டு:
ஐயா சொன்னது உண்மை. காகிதம் பெருகும். ஆனால் அதையே காரணம் காட்டி விதியைக் கைவிட்டால் காகிதமும் இருக்காது.

நான் வேறு இடத்திலிருந்து வருகிறேன். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள், தங்கள் போலீஸையே நம்பாமல் எழுதினார்கள். இன்று பாரதிய சாட்சிய அதினியம் 23இலும் அது தொடர்கிறது. தடா, பொடா போன்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில்தான் விலக்கு வந்தது. அடித்து வாங்கினாலும் அன்பாக வாங்கினாலும் அந்த வாக்குமூலம் குப்பைதான். இதனால் நாட்டில் விசாரணையே நின்றுபோய்விட்டதா?

நிற்கவில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய 27வது பிரிவு. எந்தக் கொலை வழக்குக் கட்டை எடுத்தாலும் பொருளைக் கைப்பற்றியதற்கான அந்த மகஜர் இருக்கும்: "மேற்படி எதிரி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலத்தின் ஒப்புக்கொள்ளத்தக்க பகுதியின்படி, எங்களை அழைத்துச் சென்று கருவேல முட்புதரிலிருந்து எடுத்து ஆஜர் செய்த அரிவாளை..." எப்போதும் முட்புதர்தான். சாட்சிகள் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். குறுக்கு விசாரணையில் புதர் சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒருவர் கிழக்கு என்பார், மற்றவர் வடக்கு என்பார்.

இதைக் கவனியுங்கள். ஒப்புதல் செல்லாது, பொருள் செல்லும். அப்படியானால் விசாரணை அறையில் அடி எதற்காக விழும்? "செய்தேன்" என்று சொல்ல வைப்பதற்காகவா? அது யாருக்கும் பிரயோசனமில்லை. "எங்கே வைத்தாய்" என்பதற்காக விழும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியான அந்த இளைஞரிடம் போலீஸ் கேட்டது காரில் காணாமல்போன நகையை. அவர் போலீஸ் பிடியில் செத்துப்போனார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. பொருள் எப்படி வந்தாலும் செல்லும் என்று கோர்ட் சொல்லும் வரை அந்தக் கேள்வி அதே விதமாகத்தான் கேட்கப்படும்.

தென்றல்82:
வக்கீல் சார், என் நகைக்காக யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர்களை இதில் இழுக்காதீர்கள். ஆனால் ஒன்று: நகை வந்த அன்றைக்கு எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லைதான்.

ஓய்வு_ஆய்வாளர்:
மடப்புரத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அது கொலை. ஆனால் வக்கீல் சார் அரைச் சட்டம் சொல்கிறார். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). கட்டாயப்படுத்தி வாங்கிய 27வது பிரிவு வாக்குமூலமும் அதன்படி அடிபடும் என்று 1961இலேயே காத்தி காலு வழக்கில் பதினோரு நீதிபதிகள் சொல்லியாயிற்று. பொருளைத் திரும்ப வாங்குவதற்காக அடிப்பதே தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 330, ஏழு ஆண்டு வரை சிறை. இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.ஸிலும் இருக்கிறது. புதிதாக எந்த விதியும் வேண்டாம், இருப்பதை நடத்துங்கள் என்கிறேன்.

கருப்புக்கோட்டு:
அடித்தார்கள் என்பதை யார் நிரூபிப்பது ஐயா? அறைக்குள் இருந்தவர்கள் நீங்களும் அவனும். ரிமாண்டுக்கு ஆஜர்படுத்தும்போது மாஜிஸ்திரேட் கேட்பார், "போலீஸ் மீது புகார் ஏதும் உண்டா?" அவனைக் கூட்டிவந்த ஏட்டு பக்கத்திலேயே நிற்பார். "இல்லை ஐயா." அது பதிவாகிவிடும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் கைது குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை என்று உச்ச நீதிமன்றம் வரிசையாகக் கட்டளை போட்டது. ஸ்டேஷன் சுவரில் போர்டாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டுக்குக் கீழேதான் எல்லாம் நடக்கிறது.

மூன்றாமாண்டு:
காற்று மாறுகிறது என்று தோன்றுகிறது. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் அரசியலமைப்பின் 22(1) மீறல், கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011இல் உள்துறை கொடுத்த ஒரு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்து, அப்படிப் பதிவான பேச்சைப் பயன்படுத்தவும் கூடாது என்றது. இத்தனைக்கும் அது லஞ்ச வழக்கு. பூரண்மல் காலத்தில் இது நடந்திருக்காது.

ஓய்வு_ஆய்வாளர்:
லஞ்சம் வாங்கினான் என்ற பதிவு இருக்கிறது, கேட்கக் கூடாது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறீர்களா தம்பி? போகட்டும். எனக்கு நம்பிக்கை கேமராவில். 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ்.எஸ். 105இன்படி எல்லாச் சோதனையையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். முட்புதர் கிழக்கா வடக்கா என்று கேட்க வேலையே இல்லை.

கருப்புக்கோட்டு:
எடுக்காவிட்டால்?

ஓய்வு_ஆய்வாளர்:
எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கருப்புக்கோட்டு:
எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நான் கேட்பது அது ஒன்றைத்தான். "சார்ஜ் இல்லை", "சிக்னல் இல்லை", "மழை". வீடியோ இல்லாவிட்டால் அந்தக் கைப்பற்றுதலைத் தனித்த சாட்சிகளால் சந்தேகமற நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் என்று எழுதிவிடுங்கள். முழுசாகத் தூக்கி எறியச் சொல்லி நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

மூன்றாமாண்டு:
நான் பிடிக்கிறேன். பதிவில் இருக்கட்டும்.

ஓய்வு_ஆய்வாளர்:
முன்கூட்டித் திட்டம் போட்டுப் போகும் சோதனைக்கு அதை ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிறவனைத் துரத்திப்போய் வீட்டுக்குள் மடக்குகிற இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே கையில் போன் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குத்தான் முதல் வெட்டு விழும்.

தென்றல்82:
நீங்கள் எல்லை போட்டு முடிப்பதற்குள், நாளைக்கே என் வீட்டுக்கு யாராவது வந்து சோதனை என்றால் நான் என்ன கேட்கலாம்? அதைச் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு:
வாரண்ட் இருந்தால் வாங்கிப் படியுங்கள். இல்லை என்றால் எந்த வழக்கு, எதைத் தேடுகிறீர்கள் என்று கேளுங்கள். நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ கூடவே இருக்க உரிமை உண்டு. வெளியே போய் நில் என்றால் போக வேண்டாம். எடுத்த பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட நகல் உங்களுக்குத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், சாட்சியாக விசாரிக்கப் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179.

ஓய்வு_ஆய்வாளர்:
அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வாரண்ட் இல்லாத சோதனை என்றால், எழுதிவைத்த காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. நான் சர்வீஸில் இருந்தவரை ஒருத்தர் வந்து கேட்டதில்லை.

கருப்புக்கோட்டு:
நான் கேட்கிறேன் ஐயா. அதில் கோர்ட் முத்திரைத் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.